எந்த வாசல் நமக்கு?

(கல்விக் கழக வெள்ளி விழாவின் இரண்டாம் நாள், மாணவர் அரங்கில் ஆற்றிய உரை)

 

ஒவ்வோர் ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளிவந்த மறுநாளே நம் கழக அலுவலகத் திண்ணையில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. தாயும் மகளும் வருகிறார்கள்; தந்தையும் மகனும் வருகிறார்கள். சில வேளை பாட்டி மட்டும் பேரனை அழைத்து வருகிறார். கையில் ஒரு துணிப்பை; அதற்குள் மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, வருமானச் சான்று. அவற்றோடு இரண்டு விண்ணப்பங்கள். ஒன்று, பளபளக்கும் தாளில் அச்சிட்ட புகழ்பெற்ற தனியார் நிறுவனத்தினுடையது. மற்றொன்று, இருபது கல் தொலைவில் உள்ள அரசுக் கல்லூரியினுடையது. இரண்டையும் மேசைமேல் வைத்துவிட்டு, “நீங்களே பார்த்து ஒன்றைச் சொல்லுங்கள்” என்கிறார்கள்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இந்தக் கழகம் தொடங்கியபோது நம் குடும்பங்களில் எழுந்த கேள்வி வேறு. படிக்க வைப்பதா, வேலைக்கு அனுப்புவதா என்பதே அன்றைய கேள்வி. இன்று எந்தக் கல்லூரியில் படிக்க வைப்பது என்று கேட்கும் நிலைக்கு நாம் வந்திருக்கிறோம். இந்த வளர்ச்சிக்காக மகிழலாம். ஆயினும் இந்தப் புதிய கேள்விக்குத் தவறான விடை தேர்ந்தால் வரும் இழப்பு பழைய இழப்பினும் சிறியதன்று. அதனைக் கண்ணாரக் கண்டவர்கள் நாங்கள். ஆகவே வழிகாட்டுக் குழுவின் சார்பில், இக்கேள்வியை எவ்வாறு எடைபோடுவது என்பதை உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

முதலில் கல்லூரிகளின் வகைகளைத் தெரிந்துகொள்வோம். “தனியார் கல்லூரி” என்று ஒரே சொல்லால் நாம் குறிப்பிடுவது உண்மையில் ஒரே பொருளன்று. அரசே நடத்தும் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் ஒரு வகை. தனியார் நிருவாகத்தில் இருந்துகொண்டு, ஆசிரியர் ஊதியத்தை அரசிடமிருந்து பெறும் உதவிபெறும் கல்லூரிகள் இரண்டாம் வகை; சமயத் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் பெயர்பெற்ற பழங்கல்லூரிகள் பல இவ்வகையைச் சேர்ந்தவை. மாணவர் கட்டணத்தாலேயே நடக்கும் சுயநிதிக் கல்லூரிகள் மூன்றாம் வகை. தமிழ்நாட்டில் 1984ஆம் ஆண்டு முதல் சுயநிதிப் பொறியியற் கல்லூரிகளுக்கு வழி திறக்கப்பட்டது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் தனியார் பல்கலைக்கழகங்களும் நான்காம் வகை. கட்டணம் மிக உயர்ந்து நிற்பது பெரும்பாலும் இந்த நான்காம் வகையில்தான்.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். உதவிபெறும் கல்லூரி பலவற்றில், ஒரே வாயிலுக்குள், ஒரே கட்டடத்தில், உதவிபெறும் பிரிவு என்றும் சுயநிதிப் பிரிவு என்றும் இரு பிரிவுகள் உண்டு. இரண்டுக்கும் கட்டணம் வேறு. விண்ணப்பத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் அந்த ஒரு சொல்லைப் பாராமல் கையொப்பமிட்டுவிட்டு, பின்னர்ப் பணம் கட்டும் நாளில் திகைத்து நின்ற குடும்பங்களை நாங்கள் கண்டிருக்கிறோம்.

இனி இரு பக்கத்து நியாயங்களையும் ஒளிவின்றிச் சொல்லுவோம். புகழ்பெற்ற தனியார் நிறுவனத்திற்கு ஆசைப்படும் பிள்ளையை நாம் பழிக்கலாகாது. அங்கே ஆய்வுக்கூடம் பூட்டிக் கிடப்பதில்லை. வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்கள் வாயில்தேடி வருகின்றன. ஆங்கிலம் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. நாளை பெரிய பதவிகளில் அமரப்போகிறவர்கள் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கிறார்கள். அந்தப் பழக்கம் பிற்காலத்தில் பயன்படுவதும் உண்மை. நம் பிள்ளைகளுக்கு மாமனும் சிற்றப்பனும் அலுவலகங்களில் இல்லை. ஆதலின் அந்த உறவை ஒரு கல்லூரி ஈட்டித் தருமாயின், அது பெரிய வரவுதான்.

மறுபுறம், அரசுக் கல்லூரிகளின் குறைகளையும் மறைத்துப் பேசுவது நம் பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகமாகும். நிரந்தரப் பேராசிரியர் இடங்கள் பல காலியாகக் கிடக்க, குறைந்த ஊதியத்தில் உழைக்கும் கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டே துறைகள் நடக்கின்றன. ஊருக்கு ஊர் தரம் வேறுபடுகிறது. ஆனால் அரசுக் கல்லூரி என்றாலே தாழ்ந்தது என்னும் எண்ணம் உண்மைக்கு மாறானது. மத்திய அரசு வெளியிடும் தேசியத் தரவரிசையில், 2022, 2023 ஆகிய இரு ஆண்டுகளிலும் சென்னை மாநிலக் கல்லூரி நாட்டின் கல்லூரிகளுள் மூன்றாம் இடம் பெற்றது. 2024ஆம் ஆண்டு மாநில அரசுப் பல்கலைக்கழகங்களுக்கென்று தனிவரிசை முதன்முதலாக வெளியிடப்பட்டபோது, அண்ணா பல்கலைக்கழகம் அதில் முதலிடத்தில் நின்றது. குறைந்த கட்டணம் குறைந்த தரத்திற்கு அடையாளம் என்றால், இந்த இடங்கள் எப்படிக் கிடைத்திருக்கும்?

உயர்ந்த கட்டணம் உயர்ந்த தரத்திற்கு அடையாளம் என்பதும் அவ்வாறே பொய். கட்டணம் என்பது நிறுவனம் கேட்கும் விலை. அந்த விலைக்கு ஈடான பொருள் உள்ளே உண்டா என்பதை உள்ளே சென்று பார்த்தவர்களிடம்தான் கேட்டறிய வேண்டும்.

இப்போது பணத்தைப் பற்றிப் பேசுவோம். நம் குடும்பங்களில் கல்வியைப் பற்றிய பேச்சு இறுதியில் வந்து நிற்கும் இடம் அதுவே.

நாம் ‘போஸ்ட் மெட்ரிக்’ என்று வழங்கும் உதவித்தொகைத் திட்டம் 1944ஆம் ஆண்டு தொடங்கியது. அண்ணல் அம்பேத்கர் அன்றைய வைசிராயின் நிருவாக சபையில் உறுப்பினராக இருந்த காலம் அது. நம் சமுதாயத்தின் முதல் தலைமுறைப் பட்டதாரிகளில் பெரும்பாலோர் அந்தத் தொகையால் படித்தவர்களே. 2021ஆம் ஆண்டில் திருத்தியமைத்த நெறிமுறையின்படி, இத்திட்டச் செலவில் நூற்றுக்கு அறுபது பங்கை மத்திய அரசும், நாற்பது பங்கை மாநில அரசும் ஏற்கின்றன. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை இலட்ச ரூபாய்க்குள் இருத்தல் வேண்டும் என்பது அதில் விதித்த வரம்பு. இவற்றை நம்மில் பலர் அறிவர். அறியாத ஒன்று உண்டு. அதைத்தான் அழுத்திச் சொல்ல வந்தோம். நிருவாக ஒதுக்கீட்டில் பெற்ற இடத்திற்கு இந்த உதவித்தொகை கிடையாது. கலந்தாய்வின் வழியே பெற்ற இடத்திற்கு உண்டு. அதே கல்லூரி, அதே வகுப்பு, அதே ஆசிரியர். ஆனால் எந்தக் கதவின் வழியே உள்ளே நுழைந்தோம் என்பதைப் பொறுத்து ஒரு பிள்ளைக்கு உதவி உண்டு, மற்றொரு பிள்ளைக்கு இல்லை.

இதை நாங்கள் நூலில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு மாணவனின் வாழ்க்கையில் ஏற்பட்ட சேதத்தினால் தெரிந்துகொண்டோம். அவர் ஒப்புதலோடு, பெயர் குறிக்காமல் அதை இங்கே சொல்லுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், செங்கற்சூளையில் வேலை செய்யும் ஒரு தாய் தம் மகனை அழைத்துவந்தார். நல்ல மதிப்பெண். கலந்தாய்வில் அவனுக்கு அரசுப் பொறியியற் கல்லூரி ஒன்றில் இடம் கிடைக்கும் நிலை இருந்தது; ஆனால் அவன் விரும்பிய பாடப்பிரிவு அன்று. அதற்குள் பெயர்பெற்ற தனியார் கல்லூரி ஒன்றின் ஆள் வீடு தேடி வந்து, விரும்பிய பிரிவையே தருவதாகவும், உதவித்தொகை வந்ததும் கட்டணத்தைச் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருந்தார். எங்களைக் கேட்டார்கள். “அந்தக் கல்லூரியா? தாராளமாகச் சேருங்கள்” என்றோம். பெயரைக் கேட்டே சொன்னோம். எந்த ஒதுக்கீடு என்று கேட்கவில்லை. முதலாண்டுக் கட்டணத்தைத் தாயின் தாலிக்கொடியும் இரண்டு கறவை மாடுகளும் கட்டின. உதவித்தொகை வரவே இல்லை. அது நிருவாக ஒதுக்கீட்டு இடம். இரண்டாமாண்டு வட்டிக்கு வாங்கினார்கள். மூன்றாமாண்டு நடுவில் அவன் நின்றுவிட்டான். அசல் சான்றிதழ்களைப் பாக்கித் தொகைக்கு ஈடாகக் கல்லூரி வைத்துக்கொண்டது. மாணவரின் அசல் சான்றிதழை எந்த நிறுவனமும் பிடித்து வைக்கலாகாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டில் அறிவித்திருந்ததை எடுத்துக்காட்டி எழுதி, பல மாதங்களுக்குப் பின் அவற்றை மீட்டோம். சான்றிதழை மீட்டோம், ஆனால் போன மூன்றாண்டுகளை மீட்க முடியவில்லை. இன்று அந்த இளைஞர் சரக்கு வண்டி ஓட்டுகிறார். திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்குப் பதிவு செய்திருக்கிறார். கடன் இன்னும் தீரவில்லை.

பெரியோர்களே, அந்தத் தவற்றில் எங்களுக்கும் பங்குண்டு. இந்த விழா மலரில் நாம் செய்த நன்மைகள் பல பக்கங்களில் அச்சேறியிருக்கின்றன. இதுவும் அச்சேற வேண்டும் என்று வேண்டிக்கொண்டோம்.

வங்கிக் கடன் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நான்காண்டுப் படிப்புக்கு ஆண்டுக்கு 2,50,000 ரூபாய் வீதம் 10,00,000 ரூபாய் கடன் வாங்குவதாகக் கொள்வோம். வட்டி நூற்றுக்குப் பதினொன்று. படிக்கும் நான்காண்டும், வேலை தேட ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை; ஆனால் வட்டி நின்றுவிடுவதில்லை. தனி வட்டியாகக் கணக்கிட்டாலே அந்த ஐந்தாண்டில் 3,85,000 ரூபாய் சேர்ந்துவிடுகிறது. அதையும் அசலோடு கூட்டி ஏழாண்டில் அடைப்பதானால், மாதந்தோறும் ஏறத்தாழ 23,700 ரூபாய் கட்ட வேண்டும். கட்டி முடிக்கும்போது மொத்தம் ஏறத்தாழ இருபது இலட்சம் ஆகியிருக்கும். முதல் வேலையில் சேரும் நம் பிள்ளை என்ன ஊதியம் வாங்குவான்? அதில் இந்தத் தவணை போக வாடகைக்கும் சோற்றுக்கும் மிஞ்சுவதென்ன? தங்கையின் படிப்புக்கு மிஞ்சுவதென்ன? விண்ணப்பத்தில் கையொப்பமிடும் முன் இந்தக் கணக்கை வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து போட வேண்டும்.

கடன் ஏழரை இலட்சத்தைத் தாண்டும்போது வங்கிகள் பொதுவாகச் சொத்து ஈடு கேட்கின்றன. நம்மிடம் ஈடுவைக்க என்ன இருக்கிறது? அரசு கொடுத்த மூன்று சென்ட் மனைப்பட்டாதான் பலருக்கு உண்டு. 1892ஆம் ஆண்டுக்குப் பின் நம் முன்னோர்க்குக் கிடைத்த பஞ்சமி நிலங்கள் கடனாலும் கைநாட்டாலும் எவ்வாறு கைமாறிப் போயின என்பதை நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டவர்கள் நாம். படிப்பின் பெயரால் அந்தக் கதை மீண்டும் நடக்கலாகாது. மத்திய அரசு 2024ஆம் ஆண்டு அறிவித்த வித்யாலட்சுமித் திட்டம், தரவரிசையில் உயர்ந்து நிற்கும் நிறுவனங்களில் தகுதியால் இடம் பெற்றவர்க்கு ஈடில்லாமல் கடன் தர வழிசெய்கிறது. கடன் தவிர்க்க முடியாதது என்னும் நிலை வந்தால், முதலில் அதைக் கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவும் கேட்டபின், “அப்படியானால் பெரிய இடமே நமக்கு வேண்டாம், பக்கத்து ஊர்க் கல்லூரியே போதும்” என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதுவும் ஒரு தவறு. அந்தத் தவற்றையும் நாங்கள் செய்திருக்கிறோம்.

முன்னர்ச் சொன்ன மாணவனின் நிலையைக் கண்டு அஞ்சியிருந்த ஆண்டில், நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்லும் ஒரு குடும்பத்திலிருந்து ஒரு மாணவி வந்தார். சென்னையில் பெயர்பெற்ற பழங்கல்லூரி ஒன்றில் இயற்பியலுக்கு அவருக்கு இடம் கிடைத்திருந்தது. “அது பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் இடம், ஆங்கிலம் பேசுவார்கள், செலவு தாங்காது” என்று சொல்லி, அருகிலிருந்த அரசுக் கல்லூரிக்கு அனுப்பினோம். அவரும் மறுத்துப் பேசாமல் சென்றார். மூன்றாண்டு கழித்து, மேற்படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதி மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் பெற்றபின், எங்களிடம் வந்து கேட்டார்: “ஐயா, அன்று எனக்குக் கிடைத்தது உதவிபெறும் பிரிவில் இடம். கட்டணம் எவ்வளவு என்று நீங்கள் கேட்கவே இல்லையே?” உண்மைதான். நாங்கள் கேட்கவில்லை. உதவித்தொகையும் விடுதியும் சேர்ந்தால் அது அவர் குடும்பத்தால் தாங்கக்கூடிய செலவே. முதல் மாணவனுக்குப் பெயரைக் கேட்டு “சேர்” என்றோம். இவருக்குப் பெயரைக் கேட்டு “வேண்டாம்” என்றோம். மயக்கமும் அச்சமும் வேறுவேறாகத் தோன்றினாலும் இரண்டும் பெயரைப் பார்ப்பவை, கணக்கைப் பாராதவை. அந்த மாணவி இன்று விடுமுறை நாள்களில் நம் வழிகாட்டு மேசையில் அமர்ந்து, வருகிற ஒவ்வொருவரிடமும் முதலில் “எந்தப் பிரிவு, எந்த ஒதுக்கீடு?” என்று கேட்கிறார்.

இளந்தோழர்களே, இவ்விரண்டு நிகழ்ச்சிகளாலும் நாங்கள் கற்றது ஒன்றே. படிப்பை எங்கே தொடங்குகிறோம் என்பதைவிட, அதை முடிக்கிறோமா என்பதே பெரிது. தொடங்கிய படிப்பை முடிக்கும்வரை யார் செலவில், யார் துணையில் நிற்கப்போகிறோம் என்பதற்கு விடை இருக்குமானால், எவ்வளவு உயர்ந்த வாசலாயினும் அஞ்சாமல் நுழையலாம். அந்த விடை இல்லையென்றால், எவ்வளவு அழகிய வாசலாயினும் அதன்முன் நின்று யோசிக்க வேண்டும்.

அண்ணலின் வாழ்க்கையே இதற்குச் சான்று. அவர் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பரோடா மன்னரின் உதவித்தொகையால் படித்து 1912ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். அது அரசுக் கல்லூரி. 1913இல் அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அது தனியார் பல்கலைக்கழகம். உலகின் மிகப் பெரிய பெயர்களுள் ஒன்று. சென்றது பரோடா அரசின் செலவில். 1916இல் இலண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார். ஆனால் உதவித்தொகையின் காலம் முடிந்தது. 1917இல் படிப்பைப் பாதியில் விட்டுத் தாயகம் திரும்ப நேர்ந்தது. எண்ணிப் பாருங்கள்! அறிவில் அவருக்கு இணை யார்? நிறுவனத்தின் பெயருக்கு என்ன குறை? இருந்தும், பணம் நின்ற நாளில் படிப்பும் நின்றது. பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தபோது, கொலம்பியாவின் பட்டம் அவருக்குத் தங்க ஓர் அறையைக்கூடப் பெற்றுத் தரவில்லை. பின்னர்ப் பம்பாய் சைடனாம் கல்லூரியில் பேராசிரியராகிச் சேமித்து, நண்பர் உதவியும் பெற்று, 1920இல் மீண்டும் இலண்டன் சென்றார், 1923இல் டி.எஸ்.சி. பட்டம் பெற்றார். விட்ட இடத்திற்குத் திரும்பிச் சென்று முடித்தார் என்பதே நாம் போற்ற வேண்டிய செய்தி. பின்னாளில் அவரே மக்கள் கல்விக் கழகத்தை 1945இல் நிறுவி, 1946இல் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கினார். உலகப் புகழ்பெற்ற வாசல்களைக் கண்டு வந்தவர், எளிய மாணவர்க்கு எட்டும் வாசல் ஒன்றைத் தாமே அமைத்தார்.

கேரளத்து உழவூரில் ஓலைக்கூரையின் கீழ்ப் பிறந்த கே.ஆர். நாராயணனையும் எண்ணிப் பார்ப்போம். பள்ளிக் கட்டணம் கட்ட இயலாமல் வகுப்புக்கு வெளியே நின்று பாடம் கேட்ட சிறுவன் அவர். பட்டப்படிப்பை முடித்தது தம் மாநிலத்துத் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில். 1943இல் முதல் வகுப்பில் முதல்வராகத் தேறினார். அதன்பிறகே டாடா உதவித்தொகையால் இலண்டன் பொருளாதாரப் பள்ளிக்குச் சென்றார். 1997இல் இந்தியக் குடியரசுத் தலைவரானார்.

இவ்விருவர் வாழ்விலும் ஒரு படிவரிசை தெரிகிறது. முதற்பட்டம் கைக்கெட்டிய அரசு நிறுவனத்தில். மேற்பட்டம் பெயர்பெற்ற இடத்தில், பிறர் தரும் உதவித்தொகையில். இன்றும் இந்தப் படிகள் இருக்கின்றன. அரசுக் கல்லூரியில் முதற்பட்டத்தை நன்றாக முடித்தவர், நுழைவுத் தேர்வின் வழியே மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கும் தொழில்நுட்பக் கழகங்களுக்கும் செல்லலாம். பட்டியல் சாதி ஆய்வு மாணவர்க்கெனத் தேசிய ஆய்வு உதவித்தொகை உண்டு. அயல்நாட்டுப் படிப்புக்கும் தனித் திட்டம் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பதினேழாம் வயதிலேயே எல்லாம் தீர்ந்துவிட்டது என்று எண்ணி, மனையை அடகுவைத்துப் பெயரை வாங்க வேண்டியதில்லை.

முதற்பட்டத்திலேயே உயர்ந்த இடத்திற்குச் செல்லவும் செலவில்லாத வழிகள் உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு 2020இல் சட்டமாயிற்று. 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் அது விரிந்தது. அவ்வழியில் சேர்பவரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. மத்திய அரசின் உயர்தரக் கல்வி உதவித்தொகைத் திட்டம், பட்டியலிட்ட தலைசிறந்த நிறுவனங்களில் நம் மாணவர் சிலரின் முழுக் கட்டணத்தையும் தருகிறது. தனியார் நிறுவனமாயின் ஓர் உச்ச வரம்புவரை தருகிறது. இடங்கள் குறைவு, ஆயினும் கேட்பவர்க்குத்தான் கிடைக்கும். அரசுப் பள்ளியில் படித்த மாணவியர்க்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவர்க்கு 2024 முதல் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் ஏற்பாடு வந்தது. ஆதிதிராவிடர் நல விடுதிகள் 2025இல் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாறின. தலைநகரில் சைதாப்பேட்டையில் எம்.சி. ராஜாவின் பெயரைத் தாங்கி நிற்கும் மாணவர் விடுதியில் தங்கிப் படித்து உயர்ந்தவர்கள் எத்தனையோ பேர். ஒரு விடுதி இடம் என்பது பாதிக் கல்லூரிக்குச் சமம்.

செலவைப் போலவே எடைபோட வேண்டிய மற்றொன்று, மானம். உயர்ந்த நிறுவனம் என்பதால் அங்கே சாதி இருக்காது என்று நம்பிச் சென்று நொந்தவர்கள் உண்டு. தில்லியில் உள்ள அகில இந்திய மருத்துவ அறிவியற் கழகத்தில் நம் மாணவர் பாகுபாட்டுக்கு உள்ளாவதைத் தோரட் குழு 2007இல் வெளிப்படுத்தியது. அது நாட்டின் முதல்தரமான அரசு நிறுவனம். ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோகித் வெமுலா 2016 ஜனவரியில் உயிர்நீத்ததை நாடே அறியும். ஆகவே அரசு நிறுவனமாயின் பாதுகாப்பு என்றோ, தனியார் நிறுவனமாயின் நாகரிகம் என்றோ எழுதி வைத்த விதி எதுவுமில்லை. அங்கே நம்மவர் எத்தனை பேர் படிக்கிறார்கள், ஆசிரியர்களுள் நம்மவர் உண்டா, குறை நேர்ந்தால் சொல்ல இடம் உண்டா என்பவற்றை முன்னதாகவே விசாரித்துக்கொள்ள வேண்டும். தனியே சென்ற பிள்ளைக்குத் துணையாக வாரம் ஒருமுறை பேசும் மூத்தவர் ஒருவர் இருந்தால், பாதிச் சுமை இறங்கிவிடும்.

இதுவரை சொன்னவற்றை ஐந்து கேள்விகளாகத் தொகுத்துத் தருகிறோம். கழக அலுவலகச் சுவரில் இவற்றை எழுதி வைக்கவும் முடிவு செய்திருக்கிறோம்.

ஒன்று: இந்த இடம் கலந்தாய்வின் வழியே வந்ததா, நிருவாக ஒதுக்கீடா? உதவிபெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா?

இரண்டு: முதலாண்டுக்கு மட்டுமன்றி, இறுதியாண்டு வரைக்கும் ஆகும் செலவு எவ்வளவு? கல்விக் கட்டணத்தோடு விடுதி, பேருந்து, தேர்வு, சீருடை அனைத்தும் சேர்ந்தனவா?

மூன்று: உதவித்தொகை ஆறு மாதம் தாமதமானால் அதுவரை எப்படிச் சமாளிப்போம்?

நான்கு: இங்கே படித்து முடித்த நம்மவர் யார்? அவர்களை நேரில் கண்டு கேட்டோமா?

ஐந்து: ஒரு பருவத்தில் தவறிவிட்டால் எழுந்து நிற்க இடம் உண்டா? கடன்காரனும் அதிகாரியும் ஒரே நாளில் வாசலில் நிற்பார்களா?

இந்த ஐந்துக்கும் விடை எழுதிய பின்னர், இரண்டு கல்லூரிகளும் ஏறக்குறையச் சமமாக நின்றால், பிள்ளையின் விருப்பத்தையே தீர்ப்பாகக் கொள்ளுங்கள். படிக்கப் போவது பிள்ளை.

இறுதியாக, உத்தியோகத்தில் இருக்கும் நம் உறுப்பினர்களுக்கு ஒரு சொல். மேலே கேட்ட மூன்றாம் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் நாம். உதவித்தொகை வரும் என்பது உறுதியான பின்னும், அது வந்து சேரும்வரை கல்லூரி வாயிலில் நின்று தலைகுனியும் பிள்ளைக்கு, அந்த இடைக்காலத் தொகையைக் கைமாற்றாகத் தர ஒரு சுழல்நிதி வேண்டும். அரசுத் தொகை வந்ததும் அதைத் திருப்பிக் கட்டலாம். அடுத்த பிள்ளைக்கு அது பயன்படும். சிதம்பரத்தில் 1916ஆம் ஆண்டு நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கிய சுவாமி சகஜானந்தரிடம் பெருஞ்செல்வம் இருக்கவில்லை; வீடுவீடாகக் கேட்டுத்தான் அந்தப் பள்ளி வளர்ந்தது. மாத ஊதியத்தில் ஒரு நாள் ஊதியத்தை ஆண்டுக்கு ஒருமுறை தந்தாலே நம் சுழல்நிதி எழுந்து நிற்கும். செங்கற்சூளைத் தாயின் மாடுகள் விலைபோன அந்த வாரத்தில் இப்படியொரு நிதி இருந்திருந்தால், எங்கள் அறியாமையால் விளைந்த சேதம் பாதியாகக் குறைந்திருக்கும்.

மாணவச் செல்வங்களே, அடுத்த தேர்வு முடிவு வெளிவந்ததும், முன்பணம் கட்டுவதற்கு முன் வாருங்கள். கட்டிய பின் வராதீர்கள். இரண்டு விண்ணப்பங்களையும் கொண்டுவாருங்கள். பளபளப்பான தாளைக் கண்டு நாங்கள் மயங்க மாட்டோம். பெரிய பெயரைக் கண்டு அஞ்சவும் மாட்டோம். ஐந்து கேள்விகளையும் உங்களோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுதுவோம். எந்த வாசலில் நீங்கள் நுழைந்தாலும், பட்டத்தோடு வெளியே வரும் நாளில் அந்த வாசலருகே நம் கழகத்தார் ஒருவர் நின்றுகொண்டிருப்பார்.